"இன்னும் மூச்சு விடுது, மாப்பிள்ளை"

ஒரு கிலோ சர்க்கரை முழுதாகப் புளித்தால், எடையில் ஏறத்தாழப் பாதி ஆல்கஹாலாகும். மீதிப் பாதி கார்பன் டை ஆக்சைடு வாயுவாகும். கிட்டத்தட்ட அரைக் கிலோ வாயு. பெங்களூரின் காற்றழுத்தத்தில் அதைப் பிடித்து வைக்க முடிந்தால், இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் பதினைந்தையாவது நிரப்பும். இதில் பெரும்பகுதி ஜாடியின் வாய் வழியாகப் போய்விடுகிறது. கொஞ்சம் மட்டும் ஒயினுக்குள்ளேயே கரைந்து தங்கிவிடுகிறது. அந்தச் சொச்சத்தோடுதான் பல வருஷங்களாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதைச் சொல்வதற்கு முன் வேறொன்றைச் சொல்ல வேண்டும். குடியால் சீரழிந்த வீட்டில் பிறந்தவன் நான். அப்பா மில் தொழிலாளி. சம்பள நாளில் சாராயம் வாங்காமல் அவர் அல்சூர் வீட்டுக்குத் திரும்பியதில்லை. 1981 ஜூலையில் பெங்களூரில் விஷச் சாராயம் குடித்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த நாட்களில் ஓரிரவு அப்பா வீடு வந்து சேரவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்களில் தேடி அலைந்தாள். அவர் விடிந்த பிறகு வேறெங்கிருந்தோ தள்ளாடி வந்தார். அன்றைக்குப் பிழைத்தார், பின்னால் ஈரல் கெட்டு இறந்தார். குடிக்க மாட்டேன் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் குடிப்பதில்லை. ஆனால் ஒயின் செய்கிறேன். அது தேறிவிட்டதா என்று பார்க்க ஒரு கரண்டி வாயில் வைக்கிறேன். இதை அம்மாவிடம் வெகுகாலம் சொல்லாமல் மறைத்தேன்.

நான் கட்டியது ஃபிரேசர் டவுன் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணை. வட ஆற்காட்டிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு வந்து தலைமுறைகளாக இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் என்பது கேக்கும் கல்கல்லும் போல. ஒரு சின்னக் கிண்ணத்தில் அரைக்கிண்ணம், கேக் துண்டோடு, அவ்வளவுதான். அந்த வீட்டில் யாரும் குடித்துவிட்டுக் கத்தி நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் அது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. குடி என்றால் எனக்குத் தெரிந்த உருவம் ஒன்றுதான். இது வேறாக இருந்தது.

சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா செப்டம்பர் 8ஆம் தேதி. திருவிழா முடிந்த வாரத்தில் அத்தை, அதாவது என் மாமியார், ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் போவார். வாங்குவது பெங்களூர் ப்ளூ திராட்சை மட்டும். தொட்டபள்ளாபுரம், தேவனஹள்ளி, சிக்கபள்ளாபுரம், கோலார் பக்கம் விளைவது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. லப்ருஸ்கா இனம். தோலை அழுத்தினால் சதை வழுக்கிக்கொண்டு தனியே வந்து விழும், வாசனை தெருமுனைக்கு வரும், புளிப்பு அதிகம், இனிப்பு குறைவு. அதனால் சர்க்கரை சேர்த்தே ஆக வேண்டும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பெடுத்து, சீனா ஜாடியில் பிசைந்து, ஈஸ்ட் போட்டு, துணி கட்டி வைப்பார். முதல் சில நாட்கள் மரக்கரண்டியால் கிண்டுவார். பிறகு வடிகட்டிக் கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றி, மூடியில் துளையிட்டு, மருந்துக்கடையில் வாங்கிய டிரிப்ஸ் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் முக்கிவிடுவார். வாயு வெளியே போகும். காற்று உள்ளே வராது.

எனக்குப் பிடித்தது அந்தக் குழாய்தான். நான் பீன்யாவில் வேக்குவம் பம்ப் பழுதுபார்க்கும் தொழிலில் இருந்தவன். தண்ணீருக்குள் குமிழி விடும் குழாயைப் பார்த்தால் எழுந்து போக மனம் வராது. "இன்னும் மூச்சு விடுது, மாப்பிள்ளை. மூடாதீங்க" என்பார் அத்தை. குமிழி நின்ற பிறகும் அதையே சொல்வார். அதுதான் எனக்குப் புரியவில்லை.

கரைந்து நிற்கும் வாயு ஒயினை என்ன செய்கிறது என்பதை முதலில் நாக்கு சொல்லும். நுனியில் சுள்ளென்று குத்தும். வாயு தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. ஏற்கெனவே புளிப்பான நம் திராட்சையில் அது இன்னும் புளிப்பையும் துவர்ப்பையும் தூக்கிக் காட்டுகிறது. பழவாசனை பின்னால் போய்விடுகிறது. இரண்டாவதாக, ஒயின் தெளியாது. மடிய வேண்டிய கசடைக் குமிழிகள் பிடித்துத் தூக்கிக்கொண்டே இருக்கும். முட்டை வெள்ளைக்கரு போட்டாலும், பென்டோனைட் களிமண் போட்டாலும் அடியில் படியாமல் இழுத்தடிக்கும். தெளிய வைக்கும் எதையும் வாயுவை எடுத்த பிறகே போட வேண்டும்.

மூன்றாவது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஹைட்ரோமீட்டர் தப்பாகச் சொல்லும். பால்காரர் வைத்திருக்கும் லாக்டோமீட்டர் மாதிரியான கண்ணாடிக் குச்சிதான் இது. ஒயினில் எவ்வளவு சர்க்கரை மிச்சம் என்று ஊகிக்க உதவுவது. குமிழிகள் அதன் மேல் ஒட்டிக்கொண்டு மேலே தூக்கிவிடும். அளவு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். மாதிரிக்கு எடுத்த ஒயினைக் குலுக்கி வாயுவை விரட்டிவிட்டு அளந்தால்தான் உண்மை வரும்.

இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கருவி வேண்டாம். சின்ன பாட்டிலில் பாதி ஒயின் ஊற்றி, வாயைக் கட்டைவிரலால் மூடிக் குலுக்கி, விரலை எடுத்தால் புஸ் என்று சத்தம் வந்தால் இருக்கிறது. விரலைத் தள்ளும் வேகத்தை வைத்தே எவ்வளவு என்று கை பழகிவிடும்.

எடுப்பதற்கு மூன்று வழி. கிண்டுவது முதலாவது. ட்ரில் மெஷினில் உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் துடுப்பு மாட்டி, மெதுவான வேகத்தில், ஒருபக்கம் கொஞ்சம் மறுபக்கம் கொஞ்சம் எனச் சுற்றுவார்கள். ஒரே பக்கம் சுற்றினால் நடுவில் சுழல் விழுந்து காற்றை உள்ளே இழுக்கும். முடிந்த ஒயினுக்குக் காற்று எதிரி. நிறம் பழுப்பேறும், காடி வாசம் எட்டிப் பார்க்கும். காபி ஆற்றுவது போல் ஒயினை உயரத்திலிருந்து ஆற்றினால் வாயு போகும்தான். கூடவே ஒயினும் போகும். முதலில் வேகமாகச் சுற்றத் தொடங்குவதும் ஆபத்து. நுரை சரசரவென்று ஏறிக் குடுவைக்கு வெளியே வந்துவிடும்; குடுவையில் இடம் விட்டு, அரை நிமிஷம் சுற்றி நிறுத்தி, நுரை இறங்கியதும் மறுபடி தொடங்க வேண்டும்.

இரண்டாவது என் வழி, பம்ப். ஜே.சி. ரோட்டில் பிரேக் ஆயில் இழுக்க மெக்கானிக்குகள் வாங்கும் கைப்பம்ப் கிடைக்கும், மீட்டரோடு வரும். புதிதாக ஒன்று வாங்கி, அதை ஒயினுக்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். குடுவையின் ரப்பர் மூடியில் மாட்டி இழுத்தால், கலங்கிக் கிடந்த ஒயின் அடியிலிருந்து பொங்கத் தொடங்கும். முதலில் சோப்பு நுரை மாதிரிப் பொடிக்குமிழி, போகப் போகப் பெரிய குமிழி, கடைசியில் ஒன்றிரண்டு. காற்று உள்ளே போவதில்லை என்பதே இதன் சிறப்பு. வெளிநாட்டுக் கையேடுகளில் மீட்டரில் 20 அங்குலம் (பாதரச அளவு) வரை இழுக்கச் சொல்வார்கள். அது கடல்மட்டக் கணக்கு. அங்கே முழு வெற்றிடம் என்பதே ஏறத்தாழ 30 அங்குலம். 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் 27தான். இங்கே 18 இழுத்தாலே அங்கே 20 இழுத்ததைவிட உள்ளே அழுத்தம் குறைந்துவிடும். இதைத் தொழிலில் தினமும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். கனமான, உருண்ட கண்ணாடிக் குடுவையில் மட்டும் செய்யுங்கள். தண்ணீர் கேன் நசுங்கும். சதுரமான மெல்லிய ஜாடி உள்நோக்கி உடைந்து சிதறும். கண்ணாடி போட்டுக்கொண்டு, குடுவைக்கு ஒரு கோணியைச் சுற்றிவிட்டு வேலையைத் தொடங்குவது என் வழக்கம்.

எடுத்து முடித்ததும் கே.எம்.எஸ். போட வேண்டும். ஸ்குவாஷ் போடுகிறவர்களுக்குத் தெரிந்த பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்தான். ஐந்து லிட்டருக்கு அரைக் கிராமுக்கும் குறைவு. நகை நிறுக்கும் சின்னத் தராசு இல்லாமல் போட வேண்டாம். அது காற்றிலிருந்து காக்கும். உயிரோடிருக்கும் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது.

மூன்றாவது வழி அத்தையுடையது. ஒன்றும் செய்யாமல் விடுவது.

அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் மேசைக்கு வருவது போன வருஷத்து ஒயின். செப்டம்பரில் போட்டது டிசம்பரைத் தாண்டி, ஈஸ்டரைத் தாண்டி, வெயிலைத் தாண்டி, ஜூனில் முதல் மழை விழுந்த பிறகே பாட்டிலுக்குப் போகும். ஏன் என்று கேட்டால் மூச்சு விடுகிறது என்பார். என் பம்ப்பைப் பார்த்துப் புன்னகைப்பார். வேண்டாம் என்று சொல்ல மாட்டார். எனக்கு உள்ளூரக் கோபம் வரும். காரணம் சொல்லாத அறிவு என்னை எப்போதுமே சீண்டும். அரை மணி நேரத்தில் பம்ப் செய்வதற்கு ஒன்பது மாதமா?

பிறகு அத்தைக்கு முழங்கால் போனது. மாடிப்படி ஏற முடியாது, குடுவை தூக்க முடியாது. அந்த வருஷத்து ஒயினை எங்கே வைப்பது? என் வீட்டில்தான். என் வீட்டில் அம்மா இருந்தாள்.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வந்த பிறகே சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அம்மா கத்தவில்லை. சில நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இதுவும் கண்ணைப் பறிக்குமாடா?" 1981 அவளுக்குள் அப்படியே இருந்தது. கண்ணைப் பறித்ததும் உயிரைப் பறித்ததும் மெத்தனால் என்ற தொழிற்சாலைச் சரக்கு, காசுக்காக அதைச் சாராயத்தில் கலந்தார்கள், பழத்தைப் புளிக்க வைத்தால் வருவது அதில் மிகச் சொற்பம், காய்ச்சி வடித்தால் வரும் அபாயமும் இதில் இல்லை என்றெல்லாம் விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டாளா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

டிசம்பர் நடுவில் சமையலறையில் உட்கார்ந்து பம்ப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கே புது ஒயின் வேண்டும் என்று உறவில் சிலர் கேட்டிருந்தார்கள். ஹைட்ரோமீட்டர் 1.004இல் வாரக்கணக்கில் அசையாமல் நின்றது. குழாயில் குமிழி இல்லை. விரலை வைத்துக் குலுக்கினால் சத்தம் அநேகமாக இல்லை. என் கணக்கில் எல்லாம் முடிந்தது. அம்மா பக்கத்தில் வந்து நின்று நுரையைப் பார்த்தாள். என்ன செய்கிறேன் என்று கேட்டாள். புளித்தபோது உண்டான வாயுவை எடுக்கிறேன், இப்போது அடங்கிவிட்டது, பாட்டிலில் அடைக்கப்போகிறேன் என்றேன்.

"எப்போ அடங்கிச்சு?"

"நவம்பர் கடைசியில."

"குளிர் வந்ததும் அடங்கிடுச்சா?" என்றாள். "நம்ம வீட்டு மாவு டிசம்பர்ல பொங்குதா? பொங்கலேன்னா புளிப்பு செத்துடுச்சின்னு அர்த்தமாடா? தூங்குது. அடுப்புப் பக்கம் வெச்சா எழுந்திருக்கும். சித்திரையில மூடி வெச்சுப் பாரு, தட்டத் தள்ளிக்கிட்டு வழியும்."

வாழ்நாளெல்லாம் இட்லிக்கு மாவு அரைத்தவள். ஒயினைக் கையால் தொடாதவள். அத்தை சொல்லாமல் விட்ட காரணத்தை அவள்தான் சொன்னாள். எனக்குத் தெரிந்த அறிவியலெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் வந்து வரிசையாக நின்றது.

1.004 என்பது முடிவு அல்ல. சர்க்கரை முழுக்கத் தீர்ந்த ஒயின் 1.000க்குக் கீழே, 0.990க்கும் 0.998க்கும் நடுவில் எங்காவது நிற்க வேண்டும். ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசு என்பதால். டிசம்பர் இரவுகளில் பெங்களூர் பதினைந்து, பதினாறு டிகிரிக்கு இறங்கும்போது ஈஸ்ட் வேலையை நிறுத்திவிட்டு அடியில் படுத்துவிடுகிறது. நான் பம்ப் வைத்து எடுத்தது நவம்பர் வரை உண்டான பழைய வாயுவை. அடுத்து உண்டாகப்போகும் வாயு இன்னும் சர்க்கரையாகவே உள்ளே இருந்தது. அதை எந்தப் பம்ப்பாலும் இழுக்க முடியாது. வாயுவை எடுத்துவிட்டதால் ஒயின் அமைதியாகத் தெரிந்தது. அந்த அமைதியை நானேதான் உண்டாக்கியிருந்தேன்.

அன்று அடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அத்தையின் பழைய ஒயினே போனது. மார்ச் கடைசியில், வெயில் சுவரில் ஏறத் தொடங்கியதும், டிரிப்ஸ் குழாய் மறுபடி குமிழி விட்டது. வெறும் சூட்டினாலும் குமிழி வரும் என்பதால் அளந்து பார்த்தேன். மே மாதத்துக்குள் 0.996க்கு இறங்கிவிட்டது. எட்டுப் புள்ளி இறக்கம் என்றால் லிட்டருக்குப் பதினேழு கிராம் அளவுக்குச் சர்க்கரை புளித்திருக்கிறது. மூடிய பாட்டிலுக்குள் லிட்டருக்கு நான்கு கிராம் சர்க்கரை புளித்தால் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் உண்டாகும். ஆக, நான்குக்கும் மேல். கார் டயரில் நாம் அடைப்பதே இரண்டு சொச்சம்தான். ஷாம்பெயின் பாட்டில்கள் இதைத் தாங்கும். அவை ஒவ்வொன்றும் முக்கால் கிலோவைத் தாண்டிய கனக் கண்ணாடி. நம் வீடுகளில் சேர்த்து வைக்கும் பழைய விஸ்கி பாட்டில்கள் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. அந்தப் பாட்டில்களை உறவினர் வீட்டுக் குழந்தைகளுக்கு எட்டும் அலமாரியில் வைத்திருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது.

வெயிலில் எழும் வாயு ஈஸ்ட்டால் மட்டும் வருவதல்ல. வாயு குளிரில் அதிகம் கரையும், சூட்டில் குறைவாகக் கரையும். பதினைந்து டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 2 கிராம் பிடித்து வைக்கும்; முப்பது டிகிரியில் 1.25தான். டிசம்பரில் வாயுவோடு அடைத்த ஒயின் முற்றிலும் புளித்து முடிந்ததாகவே இருந்தாலும், ஏப்ரலில் தக்கையை மேலே தள்ள அது போதும். 1803இல் வில்லியம் ஹென்றி வாயு கரைவதற்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவைச் சொன்னார். அழுத்தம் குறைந்த நம் ஊரில் புளிக்கும் ஒயின் சென்னையில் புளிப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே வாயுவைப் பிடித்து வைக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நமக்கு அனுகூலம். இன்னொன்று, பெங்களூர் ப்ளூவின் புளிப்பில் மாலிக் அமிலம் உண்டு. வெதுவெதுப்பு வந்ததும் அதைச் சில பாக்டீரியாக்கள் மிருதுவான லாக்டிக் அமிலமாக மாற்றும். அப்போதும் வாயு வரும். ஒயின் நாக்குக்கு இதமாவதும் அப்போதுதான். அத்தையின் ஜூன் மாதம் இவை எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருவது. ஏப்ரல் வெயில் வந்துபோவதற்குள் உள்ளே உறங்குவது எதுவானாலும் எழுந்து, வேலையை முடித்து, போய்விடும். பாக்கி வாயுவையும் சூடே விரட்டிவிடும்.

இப்போது ஜூனில் பம்ப்பை எடுக்கிறேன். கடைசிச் சொச்சத்துக்கு மட்டும். சில நிமிஷ வேலை.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. அது எனக்குக் கவலையளிப்பது. ஒயின் புளிப்பாக இருக்கிறதென்று பாட்டிலில் அடைக்கும்போது இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறார்கள். 750 மில்லியில் பத்துக் கிராம் என்று வைத்தாலும் லிட்டருக்குப் பதிமூன்று. மூன்று வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் உண்டாக்க அது போதும். ஐரோப்பாவில் பொங்கும் ஒயின் என்று பெயர் வாங்கவே மூன்று இருந்தால் போதும். சர்க்கரையைக் கிண்ணத்தில் போட்டுக் கலக்கிக் குடியுங்கள். பாட்டிலில் வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1965ஆம் வருஷத்துக் கர்நாடக மதுவரிச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது. பண்டிகைக்கென்று தலைமுறைகளாகச் செய்யும் வீடுகளுக்கு இது சங்கடமான விஷயம். நான் விற்றதில்லை, விற்கவும் கூடாது. ஆனால் விற்காததால் சட்டம் நம்மைப் பார்க்காது என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் மறைத்தது போதும்.

அம்மா இன்றும் அதை வாயில் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஜனவரியில் யாராவது ஒயின் கேட்டு வந்தால், "வெயில் வரட்டும்" என்று அவளே சொல்லி அனுப்புகிறாள்.

ஏற்கெனவே குளிரில் அடைத்து அலமாரியில் வைத்துவிட்டவர்கள் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பாட்டில்களைக் கனமான துண்டில் சுற்றி, அசைக்காமல் எடுத்து, ஃப்ரிட்ஜில் ஓரிரவு நிற்க வையுங்கள். குளிரில் வாயு ஒயினுக்குள் திரும்பக் கரைந்து அழுத்தம் இறங்கும். மறுநாள் துண்டோடே பிடித்து, முகத்துக்கு நேராக இல்லாமல், குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். புஸ் சத்தம் வந்தால் அத்தனை பாட்டிலையும் சிந்தாமல் சாய்த்துக் குடுவைக்கே திருப்பி ஊற்றி, குழாயை மாட்டி, ஜூன் வரை விட்டுவிடுங்கள்.